வழி கூறுதலும் ஆங்கில இடைச்சொற்களும்

நம் மாணவர் பலர் ஆங்கில நூல்களை நன்கு கற்று, அம்மொழியிற் கட்டுரையும் பிழையின்றி வரைய வல்லராய் விளங்குகின்றனர். ஆயினும், அயலார் ஒருவர்க்கு ஆங்கிலத்தில் வழி கூறுங்கால், பெயர்க்கு முன்வரும் சிறு சொற்களிலே இடறுகின்றனர். யானும் அங்ஙனம் இடறியவனே. விருந்தினர் ஒருவர்க்கு நண்பர் இல்லத்தைக் குறிப்பிடுங்கால், 'ஆலயத்துக்கு எதிரில்' என்னுந் தமிழை நினைந்து, 'இன் பிரண்ட் ஆவ்' என்றேன். இல்லமோ தெருவின் மறுபக்கத்தது. அவர் ஆலய முற்றத்திலேயே நெடுநேரம் தேடி, வெயிலில் வாடித் திரும்பினார். 'ஆப்போசிட்' என்றிருப்பின் தெருவைக் கடந்திருப்பார்.

இத்தகைய வழுக்களுட் பலவற்றிற்குக் காரணம், 'இல்' என்னும் ஓருருபையே நாம் எவ்விடத்தும் வழங்கிப் பழகியமையாம். பெட்டியில், மேசையில், நாற்சந்தியில் என யாவும் நமக்கு ஒன்றே. ஆங்கிலமோ இடத்தை மூவகையாக நோக்கும். உள்ளடக்கும் இடமாயின் 'இன்', மேற்பரப்பாயின் 'ஆன்', அளவு கருதாது ஒரு புள்ளியாகக் கொள்ளின் 'அட்'. அறையின் மூலையில் நாற்காலி கிடப்பது 'இன் த கார்னர்'. தெருமுனையில் திரும்புவது 'அட் த கார்னர்'.

இவ்வேறுபாடு தமிழுக்கு இல்லையென்று எண்ணற்க. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகள் கூறினார். உள், மேல், கீழ், முன், பின், புறம் என்பன அவற்றுட் சில. ஆதலின் எளிய முறை ஒன்றுண்டு. ஆங்கிலம் பேசுமுன் 'இல்' என்பதை நீக்கி, உரிய உருபை நிறுத்திப் பார்க்க. 'பெட்டியினுள்' எனப் பொருந்தின் 'இன்'. 'மேசைமேல்' எனப் பொருந்தின் 'ஆன்'. இரண்டும் பொருந்தாது 'அவ்விடத்து' என்றே அமையின் 'அட்'. எனினும் வழக்கையும் அறிதல் வேண்டும். ஒரு தெருவில் வீடுள்ளதை ஆங்கிலேயர் 'இன்' என்பர். அமெரிக்கர் 'ஆன்' என்பர்.

இனி இயக்கத்தைக் காண்போம். தெருவின் நெடுகச் செல்லல் 'அலாங்'. குறுக்கே கடத்தல் 'அக்ராஸ்'. சோலையினூடே செல்லல் 'த்ரூ'. அஞ்சல் நிலையத்தைத் தாண்டிச் செல்ல வேண்டின் 'பாஸ்ட்' என்க. 'டு' என்பீராயின், கேட்டவர் அங்கேயே நின்றுவிடுவார். இடப்பக்கம் திரும்புதல் 'டு த லெப்ட்'. இடப்பக்கத்தில் இருத்தல் 'ஆன் த லெப்ட்'. திசைக்கும் இஃதொக்கும். கன்னியாகுமரி இந்தியாவின் தெற்கில் உள்ளது. அது 'இன் த சவுத்'. இலங்கை இந்தியாவுக்குத் தெற்கே உள்ளது. அது 'டு த சவுத்'. இங்கு 'இன்' என்பீராயின், ஒரு நாட்டையே மற்றொன்றினுள் அடக்கியவராவீர்.

சிறு சொல்லென இகழற்க. ஏனைய வழுக்கள் கூறியவன்மேல் நகைப்பை விளைத்து ஒழியும். வழி கூறுவதில் நேரும் வழுவோ நம்மை நம்பியவர் கால்களை வருத்தும். முதலில் இடத்தை மனக்கண்ணாற் காண்க. பின்னர்ச் சொல்லைத் தேர்க.