கடற்கரைப் பட்டினத்தில் ஒரு கிழமை

வயலை விட்டு வந்து கடற்கரையோரம் குடியிருக்கும் குடும்பங்களோடு பேசும்போது, நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "காசு வராமல் இல்லை பாதர், ஆனால் நிக்குதில்லை." இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஏக்கருக்கு எத்தனை புசல் விதை நெல், எத்தனை அந்தர் பசளை என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவர்கள். ஆனால் அது போகத்துக்குப் போகம் பார்த்த கணக்கு. மாசி, பங்குனியில் சூடு மிதித்ததும் கடையில் பட்ட கடன் தீரும். மிச்சத்தில் வருடம் ஓடும். கடற்கரையில் நடப்பது கிழமைக் கணக்கு. இந்தப் பாடத்தில் அந்தக் கிழமையைத்தான் படிக்கப் போகிறோம்.

படிப்பதற்கு முல்லைத்தீவின் ஆகப் பெரிய வேலைக் கிழமையை எடுத்துக்கொள்வோம். அது வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு முந்திய கிழமை. ஒரு குருவானவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்தக் கிழமையில் முல்லைத்தீவில் எந்தச் சமயத்தவருக்கும் வேறு வேலை இருப்பதில்லை. பஸ்ஸில் இடமும் இருப்பதில்லை.

முதல் திங்கட்கிழமை, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலிலிருந்து ஊர்வலமாக வந்து, தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீரில் அங்கே ஒரு கிழமை விளக்கு எரியும். அடுத்த ஞாயிறு காட்டா விநாயகர் கோவிலில் பொங்கல். அதன்பின் விளக்கும் மடைப் பொருட்களும் வற்றாப்பளைக்குப் போகும். திங்கள் அங்கே பெரிய பொங்கல். இதற்கு ஊரில் சொல்லும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்குப் பொங்கித் தரச் சொன்னாள். பொழுது பட்டதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள். விளக்கு எரிந்தது. அரிசியும் மாடும் கமக்காரருடையவை, தண்ணீர் கடலுடையது. இரண்டு பகுதியாரும் சேர்ந்தால்தான் இந்தப் பொங்கல் நடக்கும் என்பதை ஊர் மறக்கவில்லை.

அதே இணைப்பு வருடக் கணக்கிலும் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று அடிக்கும்போது கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையில் கிடக்கும். அந்த மழையில்தான் வயலில் காலபோகம் பச்சையாக நிற்கும். அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் கடல் அடங்கும். சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் புரட்டாதி வரை இங்கே தொழில் நாட்கள். மேற்குக் கரையில் அப்போது கடல் கடுமை. அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் கொக்குளாய், நாயாறு வரை வந்து வாடி அடிக்கிறார்கள். ஆக, வயலும் கடலும் உள்ள குடும்பத்துக்கு வருடத்தில் வெறும் மாதம் குறைவு. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் அப்படி இரண்டையும் வைத்திருந்தவர்கள். 1984இல் ஊரைவிட்டு அகற்றப்பட்டபோது அவர்கள் காணியை மட்டும் இழக்கவில்லை, இந்த வருடக் கணக்கையும் இழந்தார்கள். வயல் மட்டும் இருந்து இடம்பெயர்ந்தவர்களுக்குப் பாதி வருடம் புதிது.

இனிக் கிழமைக்கு வருவோம்.

பொங்கல் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. நிலவு வளர்ந்துகொண்டு போகும் இரவுகளில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியும் என்று தொழிலாளர் சொல்வார்கள். சூடை, சாளை போன்ற மீனை இரவில் வலைபோட்டுப் பிடிப்போருக்கு இருட்டுக் காலமே நல்ல காலம். நிலவு காலத்தில் பாடு குறையும். அதோடு சைவ வீடுகள் பலவற்றில் இந்தக் கிழமை மச்சம் சமைப்பதில்லை. உள்ளூர்ச் சந்தையில் மீனுக்கு ஆள் குறைகிறது; மரக்கறி விலை ஏறுகிறது. ஐஸ் போட்டுத் தெற்குக்குப் போகும் லொறிக்கு மட்டும் பௌர்ணமியும் விரதமும் இல்லை. ஆனால் லொறிக்காரர் கொடுக்கும் விலை, அன்று வேறு வாங்குவோர் எத்தனை பேர் கரையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இப்படிப் பாடும் விலையும் ஒன்றாக விழும் அதே கிழமையில் செலவு ஏறுகிறது. பிள்ளைகளுக்கு உடுப்பு, நேர்த்திக்குக் கற்பூரச்சட்டி அல்லது காவடி, வெளியூர் உறவினர் வந்து இரண்டு நாள் தங்குவது, பஸ் காசு. எந்தச் சமயத்து வீடானாலும் விருந்தினர் வந்தால் அடுப்பு எரியத்தானே வேண்டும்.

கரைவலை இழுக்கப் போகும் கமக்காரக் குடும்பங்கள் பல உண்டு. வலையும் வள்ளமும் சம்மாட்டியாருடையவை. வந்த மீனை விற்று, முதலில் செலவு கழிப்பார்கள். மிஞ்சுவதில் சம்மாட்டியாருக்கு ஒரு பகுதி, தொழிலாளருக்கு ஒரு பகுதி. செலவில் பெரியது எரிபொருள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தபோது, மீன் குறையாமலே தொழிலாளியின் பங்கு குறைந்ததை எல்லோரும் கண்டோம். "செலவு கழித்து" என்ற இரண்டு சொல்லுக்குள் என்ன என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வயலில் குத்தகை பேசும்போது கேட்காமல் விடுவீர்களா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில இடங்களில் கரைவலையை இப்போது ஆட்கள் இழுப்பதில்லை, உழவு இயந்திரம் இழுக்கிறது. வயலில் எமக்குத் துணையாக நின்ற இயந்திரம் கடற்கரையில் எமது கைவேலையைப் பறிக்கிறது. இழுவைக் கூலியை மட்டும் நம்பி வருடம் ஓட்ட நினைப்பவர்கள் இதை இப்போதே யோசிப்பது நல்லது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. ஒரு வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் இருக்கிறார்கள். மோட்டார்சைக்கிளில் தம்பி ஒருவர் கொப்பியோடு வருகிறார். கடன் தவணை நாள். உங்கள் ஊரில் அது செவ்வாயாகவோ வெள்ளியாகவோ இருக்கலாம். யுத்தம் முடிந்த பின் வன்னிக்குள் வந்த நுண்கடன்களுள் பல இந்த முறையில்தான் நடந்தன: குழுவாக எடுத்தல், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு, கிழமைக்கு ஒரு தவணை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குக் குறித்த தொகைக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது என்றால், பாரம் எவ்வளவு என்று விளங்கும்.

இதில் ஒரு கணக்கைப் பொறுமையாகச் செய்து பார்ப்போம். ஒருவர் 40,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 1,000 ரூபா வீதம் 52 கிழமை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய மொத்தம் 52,000, வட்டி 12,000. நாற்பதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் நூற்றுக்கு 30 என்று தோன்றும். அது சரியல்ல. ஏனெனில் 40,000 ரூபா வருடம் முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையே திருப்பத் தொடங்கிவிட்டீர்கள். ஆறு மாதத்தில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் இருபதாயிரத்துக்குச் சற்றுக் கூடிய பணத்தைத்தான் வருடம் முழுவதும் பயன்படுத்தினீர்கள். அதற்கு 12,000 என்றால் வருட வட்டி நூற்றுக்கு 50ஐத் தாண்டுகிறது. கடன் எடுப்பது குற்றமல்ல. வலை வாங்க, கடை போட எடுத்து முன்னேறிய குடும்பங்களும் உண்டு. ஆனால் வியாழன் தவணைக்கு நிலவு தெரியாது, வாடைக் காற்றும் தெரியாது. நல்ல பாடு வந்த கிழமையிலும் ஆயிரம், வள்ளம் கரையில் கிடந்த கிழமையிலும் ஆயிரம். எனவே கையெழுத்து வைப்பதற்கு முன், எந்த மாதத்தில் எடுக்கிறோம் என்று பாருங்கள். ஆவணியில் எடுத்தால் இரண்டு மாதத்தில் கடல் மூடிவிடும்.

சிலாவத்தைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயார் எமக்குச் சொன்னது இது: "வயல் ஏமாத்தினால் அடுத்த போகம் எண்டு மனதைத் தேத்தலாம் பாதர். கடல் அண்டண்டைக்கு ஏமாத்தும், அண்டண்டைக்குக் குடுக்கும். அதுக்கு ஏத்த மாதிரி மனதைத் திருப்ப எனக்கு மூண்டு வருசம் பிடிச்சுது." திருப்பிய பின் அவர் செய்தது பெரிய காரியம் அல்ல. பாடு அதிகமாகி மீன் மலியும் நாட்களில் சூடையும் நெத்தலியும் வாங்கி, கழுவி, மண்ணில் போடாமல் வலைத் துண்டு விரித்த பரணில் காயவிட்டார். மூன்று நான்கு கிலோ பச்சை மீன் ஒரு கிலோ கருவாடாக வற்றும். அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். மணலில் காய்ந்த கருவாட்டை வியாபாரி கையில் எடுத்ததுமே விலையைக் குறைப்பார். பரண் போட நாலு தடியும் ஒரு பழைய வலையும் போதும். நிலவு காலத்தில் மீன் இல்லாதபோது அவரிடம் கருவாடு இருந்தது. நெல்லைக் கொம்பறையில் போட்டு வைத்த கைதானே.

பொங்கல் கிழமையில் கமக்காரருக்கென்றே ஒரு வரவு இருக்கிறது. அதைக் கடற்கரையார் எம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்து மணல் தரைகளில் கச்சான் நன்றாக விளையும். கோவில் திருவிழாவும் கச்சான் கடையும் பிரியாதவை. காணி இல்லாதவர்கள்கூட நான்கு குடும்பமாகச் சேர்ந்து, அறுவடைக் காலத்தில் கச்சானை மூட்டையாக வாங்கிக் காயவைத்து, பொங்கலுக்கு வறுத்து விற்கலாம். பனையோலைப் பெட்டி, கடகம், பனங்கட்டி, மண்பானை எல்லாம் அந்த வீதியில் போகும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரிகரும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். கடை போட இடம் கேட்பதைக் கடைசி நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல இடம் முந்தியவருக்கே.

ஞாயிறு காலை கத்தோலிக்க வீடுகளின் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வருபவர்கள் கோவில் வாசலில் வலை பொத்துவதைப் பற்றிப் பேசுகிறார்கள்; அன்றிரவே முள்ளியவளையில் பானை ஏறுகிறது. நடுவில் நந்திக்கடல். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து அடித்ததும், 2009இல் இந்தக் கரையோரத்தால் மக்கள் நடந்ததும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வற்றாப்பளைக்கு அயலிலேயே, கேப்பாப்பிலவு மக்கள் 2017 மார்ச்சிலிருந்து தமது காணியைக் கேட்டு வீதியோரம் இருந்தார்கள். பொங்கலுக்குப் போன சனம் அவர்களைக் கடந்துதான் போனது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாளில் ஏழு கோடு இழுத்து வாருங்கள். ஒரு கிழமையில் எந்த நாள் காசு வந்தது, எந்த நாள் போனது என்று மட்டும் எழுதினால் போதும். எழுத வராதவர்கள் வந்த காசுக்கு ஒரு மீனும், போன காசுக்கு ஒரு புள்ளடியும் கீறட்டும். கடனுக்குப் போனதைத் தனியாக வட்டமிடுங்கள். வானத்தில் நிலவு எவ்வளவு நின்றது என்பதையும் மூலையில் கீறி வையுங்கள். இப்படி நான்கு தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், எந்தக் கிழமையில் எத்தனை ரூபா ஒதுக்கினால் அடுத்த பௌர்ணமிக் கிழமைத் தவணையைப் புதுக்கடன் வாங்காமல் கட்டலாம் என்பதை, கடற்றொழில் செய்யும் அயல் வீட்டுக்காரர் ஒருவரையும் பக்கத்தில் இருத்தி, எல்லோருமாகப் பார்ப்போம்.