சோவியத் வாழ்க்கைக் கதைகளை நம்பலாமா?

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த பழைய சோவியத் நூல்கள் வீட்டில் இருக்கின்றன. எல்லாம் பிரச்சாரம்தானா?
– ஷூ ஆலைத் தொழிலாளி ஒருவர், ஆம்பூர்

பதில்: பிரச்சாரம் உண்டு. அதற்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் அவற்றை மலிவாகக் கொடுத்ததால்தான் நம் தொழிலாளர் வீடுகளுக்குள் ரஷ்ய இலக்கியம் வந்தது. உங்கள் பகுதித் தோல் பொருள்களை அந்த நாடு விரும்பி வாங்கிய காலமும் அதுவே.

பரீஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ 1946இல் வந்தது. இரு கால்களையும் இழந்தபின் மீண்டும் போர் விமானம் ஓட்டிய மரேசியெவ் நிஜ மனிதர், அவர் சாதனையும் நிஜம். ஆனால் அதே காலத்தில் சிறைமுகாம்களில் வதைபட்டவர்களின் கதை அச்சேறவில்லை. சிறைமுகாம் வாழ்வைச் சொல்லும் சோல்செனித்சினின் குறுநாவல் 1962இல் வெளிவர சோவியத் தலைவர் குருஷ்சேவே ஒப்புதல் தரவேண்டியிருந்தது. அரசு அனுமதித்த வாழ்க்கை வரலாறுகள் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது இதிலிருந்தே புரியும்.

நீங்கள் முதலில் படிக்க வேண்டியது கார்க்கியின் தன்வரலாறு. அதன் இரண்டாம் பாகம், சிறுவன் கார்க்கி ஒரு காலணிக் கடையில் எடுபிடியாக வேலைக்குச் சேர்வதில் தொடங்குகிறது! அந்தப் பாகம் புரட்சிக்கு முன்பே எழுதியது; கட்சிக் கட்டளை எதுவும் அதில் இல்லை. கடைக்காரரின் அதட்டலும் வேலைக்காரச் சிறுவனின் அவமானமும் உங்களுக்கு யாரும் விளக்காமலே புரியும். அதை முடித்ததும் சோல்செனித்சினையும் தேடிப் படித்துவிடுங்கள்.