சிறிய கைக்குப் பொருந்தும் பிடி

(மூன்றாம் ஆண்டு இளங்கலை இயற்பியல் மாணவி ஒருத்தி)

காலுக்குத் தக்க செருப்பு என்பார்கள். கைக்குத் தக்க பிடி என்பதைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் காற்றுக் கைத்துப்பாக்கியில் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்ற பிறகு, நம் கல்லூரியிலும் சிலருக்கு இக்கலையில் ஆர்வம் பிறந்திருக்கிறது. அவர்களுள் என்னைப் போல் சிறிய கை உடையவர்களுக்கு இக்கட்டுரை பயன்படக்கூடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இலக்கு 10 மீட்டர் தொலைவில் உள்ளது. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 320 மி.மீ. என்று கொள்வோம். முன்குறி 1 மி.மீ. ஒதுங்கினால் இலக்கில் எவ்வளவு ஒதுங்கும்? ஒத்த முக்கோணங்களின்படி 10,000ஐ 320ஆல் வகுக்க, ஏறத்தாழ 31 மி.மீ. வருகிறது. அதாவது கிட்டத்தட்ட நான்கு வளையங்கள்! எனவே, கை சற்றே தவறினாலும் மன்னிக்காத விளையாட்டு இது. போட்டியில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையை ஒரே கையால் 60 முறை உயர்த்திச் சுட வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

நான் பயிற்சி தொடங்கியபோது கிடைத்தது நடுத்தர அளவுப் பிடி. குண்டுகள் எப்போதும் இடப்புறமே சென்றன. "கையில் வலுவில்லை, ரப்பர் பந்தை அமுக்கு" என்றார்கள். ஆறு மாதம் அமுக்கினேன். கை வலுவடைந்தது, குண்டுகள் இடப்புறம் செல்வது நிற்கவில்லை. கை நடுக்கம், மனப் பதற்றம், பெண்ணின் கை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். நானும் நம்பினேன். விட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். பிடியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவை, பிடியின் பின்புற வளைவில் ஆழ்ந்து அமர வேண்டும். அங்கே மரம் தடிமனாக இருந்தால், குட்டையான சுட்டுவிரல் விசையை எட்டுவதில்லை. நுனி மட்டுமே தொடும். விரலின் அடிப்பாகமோ பிடியின் பக்கத்தில் உராயும். விசைக்கான எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த 500 கிராம் விசையை நேர் பின்னோக்கிச் செலுத்தாமல் நுனியால் சாய்வாகச் செலுத்தினால், வலக்கைக்காரருக்குக் குழல் இடப்புறம் தள்ளப்படும். எட்டவேண்டும் என்பதற்காகக் கையைத் திருப்பிப் பிடித்தாலோ, குழல் முன்கையின் நேர்கோட்டில் நில்லாது. மணிக்கட்டு வளைந்து இறுகும்.

ஆகவே, வாங்குவோர் முதலில் சிறிய அளவுப் பிடியைக் கேட்க வேண்டும். தயாரிப்பாளர்கள் சிறியது, நடுத்தரம், பெரியது என அளவிட்டே விற்கிறார்கள். ஆனால் அளவெழுத்தை நம்பி நின்றுவிடலாகாது. என் தோழிக்கும் எனக்கும் கையின் நீளம் ஒன்றே. அவளுக்கு உள்ளங்கை அகலம், எனக்கு விரல்கள் குட்டை. ஒரே பிடி இருவருக்கும் பொருந்தவில்லை.

சோதிக்கும் முறை எளிது. குண்டில்லாத துப்பாக்கியை வெற்றுச் சுவரை நோக்கி உயர்த்திக் கண்களை மூடுங்கள். கையைத் தளர்த்தி, மூன்று முறை மூச்சு விட்டபின் கண்களைத் திறவுங்கள். முன்குறி பின்குறியின் பிளவில் நடுவே நின்றால் பிடி உங்களுடையது. எனக்கு அது வலப்புறம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை நடுவுக்குக் கொண்டுவர மணிக்கட்டை இடப்புறம் இழுத்துக்கொண்டே இத்தனை நாளும் சுட்டிருக்கிறேன்! குறி மேலோ கீழோ நின்றால், பல வகைகளில் பிடியின் சாய்வைத் திருகாணி தளர்த்தி மாற்றிக்கொள்ளலாம்.

சொந்தப் பிடி ஒன்று வாங்கியபின் திருத்த வேலையைத் தொடங்கினேன். (பயிற்சிக் கூடத்துப் பொதுப் பிடியில் அரத்தை வைக்காதீர்கள்.) பிடியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிவிட்டே வேலை செய்ய வேண்டும். உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிப் பிடித்தால், அழுந்தும் இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும். அவ்விடத்தை அரத்தால் சிறிது தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெரு ஆசாரியார் சொன்ன அறிவுரை: "எடுத்த மரம் திரும்ப வராதும்மா, ஒரு நாளைக்கு ஒரு இழைப்பு போதும்." கவையிடத்திலும் உள்ளங்கை மேட்டிலும் சுமார் 3 மி.மீ. எடுக்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. விரல்களுக்கிடையே வெற்றிடம் இருந்த பகுதிகளில் லப்பம் வைத்து நிரப்பினேன். கவை சரியாக அமர்ந்த பிறகே விசையை அதன் தண்டில் பின்னுக்கு நகர்த்தினேன். இந்த வரிசை மாறினால் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும்.

கையின் அடிப்பகுதியைத் தாங்கும் பலகையை, சுண்டுவிரல் பக்கம் இலேசாகத் தொடுமளவு மேலே ஏற்ற வேண்டும். பலகைக்கும் பிடிக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. மணிக்கட்டை எதுவும் தாங்கக் கூடாது. துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். லப்பத்தைத் தாராளமாக அப்புவோர் 50 மி.மீ. அகலத்தை மறந்துவிடுகிறார்கள்.

கைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது ஹங்கேரி நாட்டுக் காரோலி தகாச்சை விட்டுவிட முடியாது. 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. இடக்கையால் சுடப் பழகி, 1948 இலண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளில் விரைவுக் கைத்துப்பாக்கியில் தங்கம் வென்றார். வலக்கைக்காக ஆண்டுக்கணக்கில் பழகியதையெல்லாம் அவர் மற்றொரு கைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. எனக்கோ 3 மி.மீ. மரம்தான் தடையாக இருந்தது.

இப்போது என் குண்டுகள் நடுவைச் சுற்றிலும் விழுகின்றன. இடம், வலம் என்ற பேதமின்றி விழுவதால், எஞ்சிய பிழை என்னுடையதே என்று தெரிகிறது. நம் ஊர் வெயிலில் வியர்வையால் லப்பத்தின் விளிம்பு பெயர்கிறது. மாதம் ஒருமுறை சாக்பீஸ் தூளை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.