பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை



கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சிறிய சமய வகுப்பு எடுத்து வருகிறேன். நான்காம் ஆண்டு முதல் படிவம் இரண்டு வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஒரு ஞாயிறு, தேவாரம் பாடி முடித்ததும், என் வீட்டில் முதல் நாள் சேர்ந்த குப்பைப் பையை வகுப்பு நடுவில் வைத்தேன். தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளிப் போய்விட்டார்கள்.

“ஐயோ அண்ணா, என்னண்ணா இது, நாறுது!”

“இது எங்க வீட்டோட ஒரு நாள். இதுல பொருள் எது, குப்பை எது? சொல்லுங்க பார்ப்போம்.”

வெங்காயத் தோல், மிச்சச் சோறு, தே ஐஸ் கட்டித் தந்த பை, நாசி லெமாக் காகிதம், இரண்டு தண்ணீர் போத்தல்கள், ஒரு பால் டின், ரிமோட்டிலிருந்து எடுத்த பழைய பேட்டரி, சாமி படத்திலிருந்து கழற்றிய காய்ந்த மாலை, சாம்பாரில் ஊறிப்போன நாளிதழ். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ஒரு பையன் நாளிதழைக் காட்டி, “அது குப்பை” என்றான். “நேற்று காலையில் அது என்ன?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “பேப்பர் லாமாக்காரர் காசு கொடுத்து எடுப்பாரு.”

அன்றைய பாடம் அந்தப் பதிலிலேயே இருந்தது. காலையில் காசு பெறும் பொருள், மதியம் சாம்பார் ஊறியதும் யாருக்கும் வேண்டாத குப்பை. அதைக் குப்பையாக்கியது லோரிக்காரர் இல்லை, நகராண்மைக் கழகம் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில், ஒரே தோங்கில் எல்லாவற்றையும் போட்ட அந்த ஒரு நொடி.

பையில் என்னதான் இருக்கிறது?

2012-இல் நம் நாட்டில் வீட்டுக் கழிவுகளை ஆய்வு செய்தார்கள். வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. பிளாஸ்டிக் 13.2 விழுக்காடு. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கட்டும் டயப்பர்கள் 12.1 விழுக்காடு. காகிதம் 8.5 விழுக்காடு. அதாவது, ஏறக்குறையப் பாதிப் பை ஈரம். அந்த ஈரம்தான் மற்றப் பாதியையும் கெடுக்கிறது.

அந்த ஆண்டில் நாட்டின் மறுசுழற்சி விகிதம் 10.5 விழுக்காடுதான். 2020-இல் அது 30.67 விழுக்காட்டுக்கும், 2023-இல் 35.38 விழுக்காட்டுக்கும் உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்படாமலே போகிறது.

தாத்தா பாட்டி குப்பை எங்கே போனது?

உங்கள் வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி இருந்தால், “அப்போ குப்பையை என்ன செய்வீங்க பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள். என் பாட்டி சொன்னது இது. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் மாட்டுக்கு. மிச்சச் சோறு கோழிக்கு. தேங்காய் மட்டை அடுப்புக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் விளக்க. மைலோ டின்னில் பருப்பு. கடைசியில் தூக்கிப் போட என்று ஒன்றும் பெரிதாக இருக்காது.

சாமிக்குச் சாத்திய பூவை அவர் ஒருநாளும் சமையல் குப்பையோடு போட்டதில்லை. அது நிர்மாலியம். கால்படாத இடத்தில், செடி மரத்தடியில்தான் போடுவார். ஆக, பிரித்து வைக்கும் பழக்கம் நம் வீட்டில் ஏற்கனவே இருந்தது. தோட்டத்தை விட்டு தாமானுக்கும் பிளாட்டுக்கும் வந்தோம். மாடு இல்லை, கோழி இல்லை, மரத்தடி இல்லை. பிளாஸ்டிக் மட்டும் வீடு நிறைய வந்துவிட்டது. பாட்டியின் பழக்கத்தை விட்டோம், அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

பை கட்டியதோடு முடிந்ததா?

பையை முடிச்சுப் போட்டு வெளியே வைத்தால் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் அதன் பயணம் அப்போதுதான் தொடங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் போன்ற கோலாலம்பூர் வட்டாரங்களின் குப்பை, ஜிஞ்சாங் பக்கம் உள்ள தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்துக்குப் போகிறது. அங்கே அமுக்கப்பட்டு, பெரிய லோரிகளில் ஏறி, உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிரப்பிடத்துக்குச் செல்கிறது. கிள்ளான் குப்பை, கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள ஜெராம் நிரப்பிடத்துக்குப் போகிறது.

அங்கே மண் மூடியபின் காற்றுப் படாமல் அழுகும் உணவு, மீத்தேன் வாயுவை வெளியிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வலிமையானது. அழுகலிலிருந்து கறுப்பாக ஒரு கசிவு நீரும் வடியும். அதைப் பிடித்துச் சுத்திகரிக்காவிட்டால் ஆற்றில் கலக்கும். அதே காய்கறித் தோல், காற்றுப் படும்படி ஒரு வாளியில் மக்கினால் உரம். பொருள் ஒன்றுதான், போகும் வழி வேறு.

பிரிக்பீல்ட்ஸில் சட்டம், கிள்ளானில்?

2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது 672-ஆவது சட்டம், 2011 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2016 ஜூன் 1 முதல் அபராதமும் தொடங்கியது. தரை வீடுகளுக்கு முதல் முறை 50 ரிங்கிட், இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500. கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களுக்கு இது பொருந்தியது. சிலாங்கூர் அப்போது இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்காரருக்கு அபராதம் என்ற பயம் உண்டு, கிள்ளான் வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை என்ற நிலை.

இதைச் சொன்னதும் படிவம் ஒன்று மாணவி ஒருத்தி எழுந்தாள். “அண்ணா, கோலாலம்பூர்ல எங்க மாமா வீட்டுல பிரிச்சுதான் வைக்கிறாங்க. ஆனா லோரி வந்து எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுது. அப்புறம் எதுக்குண்ணா பிரிக்கணும்?”

நல்ல கேள்வி. இதை நீங்களும் உங்கள் வகுப்பில் கட்டாயம் சந்திப்பீர்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சட்டம் நடப்பில் உள்ள இடங்களில் ‘2+1’ என்ற முறை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பையை எடுப்பார்கள். ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பழைய நாற்காலி மெத்தை போன்ற பெரிய சாமான்கள். பிரித்த பையைச் சாதாரண நாளில் வைத்தால், அது சாதாரணக் குப்பையோடுதான் போகும். ஆகவே முதல் கேள்வி, “மாமா எந்த நாளில் வைக்கிறார்?” என்பது. அடுத்த வாரம் அவள் வந்து, “மாமா மூணு நாளும் ஒண்ணாத்தான் வைக்கிறாராம் அண்ணா” என்றாள். வகுப்பே சிரித்தது.

கிள்ளானில் இருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. தாமானுக்கு வரும் பேப்பர் லாமா லோரி, பழைய சாமான் கடை, மறுசுழற்சி மையம். பௌத்த சூ சி தொண்டர்கள் பல வட்டாரங்களில் வாரந்தோறும் கூடி, முதியோரும் பிள்ளைகளுமாகத் தரையில் உட்கார்ந்து பொருள்களைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அதை ஒரு தொண்டாகவே செய்கிறார்கள். நம் கோயில் வளாகத்திலும் அப்படி ஒரு மூலை இருக்கலாம்தானே?

அடுத்தவர் குப்பை நம் வாசலில் விழுந்தபோது

2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. அந்தக் கப்பல்கள் பல கிள்ளான் துறைமுகம் பக்கம் திரும்பின. நமக்கு அடுத்த ஊரான ஜெஞ்ஜாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. விலை போகாத அழுக்குப் பிளாஸ்டிக்கை எரித்த புகையை அங்குள்ள மக்கள் சுவாசித்தார்கள். பிறகு அரசு கொள்கலன்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2020 ஜனவரிவரை 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திரும்பிப் போயின.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த நாட்டவரைத் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அங்கேயும் யாரோ ஒருவர் கழுவாத போத்தலை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டு, ‘நம்ம வேலை முடிஞ்சது’ என்று நினைத்திருப்பார். கழுவாத பிளாஸ்டிக் கடைசியில் யாரோ ஒருவர் வாசலில் எரியும்.

என் தவறு ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் அன்னதானத்தில் நானும் நண்பர்களும் துப்புரவுப் பொறுப்பில் இருந்தோம். உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்றை, அவசரத்தில், சாப்பிட்ட இலைகளோடு கறுப்புப் பையில் போட்டேன். மறுநாள் பையைத் தூக்கிய தொழிலாளிக்கு உள்ளங்கை கிழிந்தது. வங்காளதேசத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு, “தாக் அப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த பையைத் தூக்கப் போனார்.

கோலாலம்பூரில் 1890-இல் சுகாதார வாரியம் அமைந்த காலந்தொட்டு, தெருக்கூட்டவும் குப்பை அள்ளவும் நம் தாத்தாக்கள் பலர் இருந்தார்கள். அவர்களை ஏளனமாக அழைத்தவர்களும் இருந்தார்கள். இன்று அந்த வண்டிக்குப் பின்னால் ஓடுபவர் வேறு நாட்டிலிருந்து வந்தவர். வண்டி மாறவில்லை. குப்பையைத் தொடுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணமும் மாறவில்லை. சமய வகுப்பில் ஏன் இந்தப் பாடம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கோயிலில் கும்பிட்ட கை, அடுத்தவர் கையைக் கிழிக்கும் பையைக் கட்டலாமா?

வகுப்பு நடத்தும் முறை

ஒரு மணி நேரம் போதும். நான்கு பெட்டிகள், கையுறை, ஒரு வீட்டின் ஒரு நாள் குப்பை. பிள்ளைகளே பிரிக்கட்டும்.

1. ஈரம்: காய்கறித் தோல், தேயிலைத் தூள், வாழையிலை, பூஜைப் பூ. ஓட்டை போட்ட வாளியில், ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை அல்லது கிழித்த முட்டை அட்டை சேர்த்து மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். இறைச்சி, எண்ணெய், குழம்பு சேர்க்க வேண்டாம். மாலையில் நைலான் நூல் இருந்தால் முதலில் உருவி எடுங்கள், அது மக்காது.

2. உலர்ந்த பொருள்: நாளிதழ், அட்டைப்பெட்டி, போத்தல், டின், கண்ணாடி. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் தண்ணீர் போத்தல் வகை, 2 ஷாம்பு, சவர்க்காரப் போத்தல் வகை, 5 தாப்பாவ் டப்பா வகை. ஒருமுறை அலசி, தண்ணீர் வடிய வைத்தால் போதும். அலுமினிய டின்னை வீணாக்க வேண்டாம். அதை உருக்கி மீண்டும் செய்ய, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே ‘காச்சா’ என்று எழுதித் தனியே வையுங்கள்.

3. தனியாக வைக்க வேண்டியவை: பேட்டரி, மின்விளக்கு, பழைய கைப்பேசி. இவற்றை மின்கழிவு எடுக்கும் மையத்தில் கொடுக்க வேண்டும். முறுக்கு சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து வையுங்கள், விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள்.

4. மிச்சம்: டயப்பர், எண்ணெய் பட்ட காகிதம், நாசி லெமாக் கட்டும் பழுப்புக் காகிதம். அது காகிதம் மாதிரி தெரியும், உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. கிழித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்! இந்த நான்காவது பெட்டிதான் உண்மையான குப்பை.

எங்கள் வகுப்பில் பிரித்து முடித்தபோது நான்காவது பெட்டி பாதிகூட நிறையவில்லை. பிள்ளைகள் அதை மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குப் போய், “அம்மா, இனிமே பிரிச்சுப் போடுங்க” என்று சொல்லிவிட்டு கைப்பேசியை எடுத்துக்கொண்டால், பாடம் தோற்றுவிட்டது. இருக்கிற வேலையில் அம்மாவுக்கு இன்னொரு வேலை வைத்துவிட்டோம், அவ்வளவுதான். போத்தலை அலசுவது, வாளியைக் கிளறுவது, சரியான நாளில் பையை வெளியே வைப்பது, இந்த மூன்றும் படித்த பிள்ளையின் வேலை.

இந்த வாரப் பயிற்சி

அ. உங்கள் வட்டாரத்தில் குப்பை லோரி வரும் நாள்களையும், மறுசுழற்சிப் பொருள் எடுக்கும் நாளையும் கேட்டு எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆ. ஏழு நாள்களுக்கு நான்கு வகையாகப் பிரித்து, ‘மிச்சம்’ பையை மட்டும் தினமும் நிறுத்துப் பாருங்கள்.

இ. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் தோட்டத்துக் காலத்தில் குப்பையை என்ன செய்தார்கள் என்று கேட்டு, பத்து வரி எழுதி வாருங்கள்.

ஈ. குப்பை எடுக்க வரும் அண்ணனிடம் ஒருமுறை பெயர் கேளுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள். காலிப் போத்தலை நீங்களே வாங்கி வையுங்கள்.