படத்தின் நிறமும் பொருளின் நிறமும்

பழனி மலைச் சரிவுகளில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். மலைக்குக் கிழக்கே, சமவெளியிலுள்ள சின்னாளபட்டியின் சேலைகளும் நாடறிந்தவை. இத்தகைய பொருள்களைப் படமெடுத்து, வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிட்டு வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்புவது எளிது, செலவும் குறைவு. ஆனால் அரக்குச் சேலை படத்தில் செங்கல் நிறமாகவும், இளமஞ்சள் சாயலுள்ள பூண்டு நீலம் பாய்ந்தும் தோன்றினால், படத்தை நம்பி வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்புவார். அனுப்பிய செலவு நஷ்டம்; அதனினும் பெரிய நஷ்டம் சங்கத்தின் நற்பெயர். இவ்விஷயத்தில் பிரிண்டரைக் குறை கூறுமுன் அறிய வேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

எண்ணும் அளவையும்

கணிப்பொறி நிறத்தை எண்களாகவே வைத்துக்கொள்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றுக்கும் வழக்கமாக 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண் உண்டு. துணி பத்து வேண்டும் என்று ஒருவர் கேட்டால், பத்துக் கஜமா, பத்து மீட்டரா என்று நெசவாளர் வினவுவார். அதுபோல நிற எண்ணும் இன்ன அளவையில் என்று சொன்னாலன்றிப் பொருள்படாது. அந்த அளவையைக் கூறும் குறிப்பே கலர் புரொஃபைல் எனப்படுவது. பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவான முறையில் இதனை அமைப்பதற்காக 1993-இல் சர்வதேச வண்ணக் கூட்டமைப்பு தோன்றியது.

இவ்வளவைகளுள் மிகுதியாக வழங்குவது 1996-இல் முன்மொழியப்பட்டு 1999-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி. 1998-இல் வந்த அடோப் ஆர்ஜிபி இதைவிட அகன்றது. அகன்ற அளவையில் எடுத்த படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணி அச்சிட்டால், நிறம் வெளிறிப் போகும். ஆகையால், படத்தைச் சேமிக்கும்பொழுது புரொஃபைலையும் உடன் சேர்க்கும் கட்டத்தைக் குறியிடத் தவறலாகாது. புதியவர்களுக்கு எஸ்ஆர்ஜிபியே போதுமானது.

மாற்றம் ஒரு முறையே

ஒளியின் எண்களை மையின் அளவாக மாற்றுவது அச்சிடும்பொழுது நிகழ்கிறது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். 10 கஜம் 9.144 மீட்டர் ஆகும். எழுத்தர் ஒருவர் இவ்வாறு மாற்றி எழுதிய பிறகு, மற்றொருவர் 9.144-ஐயும் கஜம் என்று கருதி மீண்டும் மாற்றினால், 8.36 என்று வரும். இருவரும் சரியாகவே பெருக்கினர், துணிதான் குறைந்தது. படத்திலும் இவ்வாறே. படச் செயலி ஒரு முறை மாற்றியதைப் பிரிண்டர் மறுமுறையும் மாற்றினால், பெரும்பாலும் ஊதாச் சிவப்பு ஏறிப் படம் கெடும்.

எனவே, மாற்றும் பொறுப்பு ஒருவருக்கே உரியது. படச் செயலி நிறத்தைக் கவனிப்பதாயின், அதில் தாளுக்குரிய புரொஃபைலைத் தேர்ந்து, பிரிண்டரின் அமைப்பில் நிறத் திருத்தம் வேண்டாம் என்று குறிக்க வேண்டும். பிரிண்டர் கவனிப்பதாயின், செயலியில் வேறு புரொஃபைலைத் தேர்தல் கூடாது.

தாளும் மையும்

அச்சுக்குரிய புரொஃபைல் பிரிண்டர், மை, தாள் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றிற்கே பொருந்தும். பளபளப்புத் தாளுக்குரியதை மங்கல் தாளுக்குக் கொள்ளலாகாது. மலிவான வேறு மையை ஊற்றினால் பழைய புரொஃபைல் பயன்படாது. நல்ல புகைப்படத் தாள் செய்வோர் பலர் தம் தாளுக்குரிய புரொஃபைலை இலவசமாகவே தருகின்றனர்.

எல்லா நிறமும் மைக்கு அடங்கும் என்று எண்ணலாகாது. கொடைக்கானல் மலைகளில் 2018-இல் பூத்த குறிஞ்சியின் நீலம் போன்ற நிறங்கள் அச்சில் ஊதாவாகச் சாய்வதுண்டு. கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறச் சேலைக்கும் இக்குறை உண்டு. இது மையின் எல்லை. மாற்றத்தைச் சரியாகச் செய்தால் இயன்ற அளவு நெருங்கலாமேயன்றி முழுதும் எட்ட இயலாது.

வெளிச்சம்

மூடுபனி சூழ்ந்த வேளையில் ஒளி நீலம் சார்ந்திருக்கும். பழைய குண்டு பல்பின் ஒளி மஞ்சள் சார்ந்தது. ஆகவே, படமெடுக்கும்பொழுது பொருளின் அருகே நடுநிலைச் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் அதனைக் கொண்டு நிறத்தை நேர்செய்யலாம். திரையை மிகப் பிரகாசமாக வைத்துப் படத்தைத் திருத்துவோருக்கு அச்சு இருண்டே வரும். திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்க.

செய்யத்தக்கவை

1. ஒரே வகைத் தாளையும் மையையும் தொடர்ந்து வாங்குக.
2. முழுத் தாளை அச்சிடுமுன் சிறு துண்டில் சோதனை அச்சு எடுக்க.
3. அச்சை நன்கு உலரவிட்டு, பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத இடத்தில், பொருளின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுக.
4. பொருந்திய அமைப்புகளைத் தாளின் பெயரோடு நோட்டில் எழுதி வைக்க. அடுத்தவர் அச்சிடும்பொழுது அதுவே வழிகாட்டும்.
5. படம் எட்டாத நிறமுள்ள சேலைக்கு, அதே சாயமிட்ட நூல் துண்டொன்றைப் படத்தோடு ஒட்டி அனுப்புக.

எடைக்கல்லைப் பரிசோதிக்கும் சங்கம் படத்தையும் பரிசோதிக்க வேண்டும். தொலைவிலுள்ள வாடிக்கையாளருக்குப் படமே அளவுகோல். அது பொய்யாகாமற் காப்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.