வரலாறு படிக்கப் போகிறீர்களா? முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆகிவிட்டது. பள்ளியில் 'குடவோலை முறை' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். கல்லூரியில் கேள்விகள் வேறு: விதியை ஏன் மாற்றினார்கள்? மாற்றத்தால் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள்? கல்லில் இருப்பது எவ்வளவு, நாம் ஊகிப்பது எவ்வளவு?

இப்படிக் கேட்கப் பழகுவதுதான் இந்தப் பட்டம் தரும் பயிற்சி. ஒப்பந்தத்தின் பழைய படியையும் புதிய படியையும் ஒப்பிடும் வழக்கறிஞர், அரசாணையையும் திருத்த ஆணையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் அதிகாரி, இரு தரப்பையும் விசாரிக்கும் செய்தியாளர் எல்லோருக்கும் இதே பழக்கம்தான் சோறு போடுகிறது. ஆனால் பட்டத்தை மட்டும் காட்டினால் வேலை கிடைக்காது. வரலாற்றோடு இன்னொரு திறமையும் சேர வேண்டும். அது எது என்பதை முதல் ஆண்டிலேயே முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு ஏற்றதா?

வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து, நான்கெல்லை வரை முழுதாகப் படித்துப் பாருங்கள். விற்றவர் யார், ஏன் விற்றார், கிழக்கே இருந்த வாய்க்கால் இப்போது எங்கே என்று மனம் தேடத் தொடங்கினால் தயங்காமல் சேருங்கள். இரண்டாம் பக்கத்திலேயே அலுத்துவிட்டால் இன்னொரு முறை யோசியுங்கள். இது நிறையப் படிக்க வேண்டிய படிப்பு.

மூன்று ஆண்டுத் திட்டம்

முதல் ஆண்டு: ஓர் எழுத்தோ மொழியோ கற்றுக்கொள்ளுங்கள். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகியவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கல்வெட்டுத் துறை அருகில் வரும். தஞ்சை மராத்தியர் கால ஆவணங்கள் பல மோடி எழுத்தில் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. புதுச்சேரி வரலாற்றில் ஆர்வம் என்றால் பிரெஞ்சு. எந்த வழியில் போனாலும் ஆங்கிலத்தில் தடையின்றி வாசிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் ஆண்டு: மூல ஆவணங்களைக் கையில் எடுங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான் அதன் அடித்தளம். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, என்ன தேடுகிறோம் என்பதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் ஆண்டு: தரவுகளைக் கையாளப் பழகுங்கள். வரலாற்று ஆய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து அட்டவணையாக்கி 1978-இல் வெளியிட்டார்கள். யாரிடம் நிலம் இருந்தது, யாருக்கு என்ன பட்டம் இருந்தது என்பதை எண்ணிக் காட்ட அந்த உழைப்பு வழி செய்தது. இன்று எக்செலும் ஒரு வரைபட மென்பொருளும் தெரிந்தால், உங்கள் வட்டத்து ஏரிகளையோ சந்தைகளையோ வைத்து நீங்களும் சிறிய அளவில் இதைச் செய்யலாம்.

எங்கே வேலை?

ஆசிரியர்: பி.எட். முடித்து, தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். முதுகலையும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு. கல்லூரியில் கற்பிக்க நெட் அல்லது செட் தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம்.

போட்டித் தேர்வு: குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண். பொதுப் பாடத்திலும் வரலாறு வரும். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழக வரலாறு, பண்பாடு, சமூக இயக்கங்கள் முக்கியமான பகுதி. ஆனால் இந்தத் தேர்வுகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆகவே தேர்வுக்காக மட்டும் வரலாற்றில் சேராதீர்கள். தோற்றால் மனம் இரண்டையும் வெறுக்கும்.

தொல்லியல்: கீழடியில் அகழாய்வு 2014-15-இல் தொடங்கியது, 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஆர்வம் பெருகிய அளவுக்குப் பணியிடங்கள் பெருகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். முதுகலையும் அதன்மேல் தொல்லியல் அல்லது கல்வெட்டியலில் பட்டயமும் இருந்தால்தான் போட்டியில் நிற்க முடியும்.

காப்பகம், அருங்காட்சியகம்: தேசிய ஆவணக் காப்பகம் ஆவண மேலாண்மையில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் படிக்கலாம். பழைய நிறுவனங்கள், நாளிதழ்கள், கோயில்கள், மறைமாவட்டங்கள் எல்லாவற்றிடமும் ஒழுங்குபடுத்த வேண்டிய ஆவணங்கள் குவிந்திருக்கின்றன.

சட்டம், இதழியல்: மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு வரலாற்றுப் பட்டம் நல்ல அடித்தளம். செய்தி அறைக்கும் ஆவணப்படக் குழுவுக்கும் சரிபார்க்கத் தெரிந்தவர் எப்போதும் தேவை.

நேர்முகத்தில் என்ன சொல்வது?

"எனக்கு வரலாறு பிடிக்கும்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொண்டுபோங்கள். எந்த ஆவணங்களைப் பார்த்தேன், எந்த இரண்டு ஒன்றையொன்று மறுத்தன, எதை ஏன் நம்பினேன் என்று மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். வங்கியோ பத்திரிகையோ, கேட்பவருக்கு உங்கள் வேலைத்திறன் அப்போதுதான் புரியும்.

விண்ணப்பிக்கும் முன்

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். துறைத் தலைவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போகிறீர்களா? மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வைக்கிறீர்களா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், பேருந்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் அந்தக் கல்லூரியிலேயே சேருங்கள்.