லிபரேட்டர் விமானங்கள் எங்கே?

பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலை ஓரம் விமானபுரா என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரிலேயே விமானம் இருக்கிறது, பாருங்கள். அங்கேதான் எச்.ஏ.எல். தொழிற்சாலை உள்ளது. விமானம் செய்யும் தொழிற்சாலை அது.

அல்சூர் பக்கம் போனால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எச்.ஏ.எல். என்ற பெயரை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம். அவர்கள் கை பட்ட விமானங்கள் இன்று நான்கு நாடுகளில் நிற்கின்றன. அவை எங்கே என்று தேடிப் போவோம்.

ஏரியில் இறங்கிய விமானம்

எச்.ஏ.எல். 1940இல் தொடங்கப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் தொடங்கினார். மைசூர் அரசும் அதில் பணம் போட்டது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் பொறுப்புக்குப் போனது. போரில் அடிபட்ட விமானங்கள் பெங்களூருக்கு வந்தன. இங்கே பழுது பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்.

கேட்டலீனா என்று ஒரு விமானம். அது தண்ணீரில் இறங்கும். பழுது பார்க்க வந்த கேட்டலீனா விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கின! இன்று அந்த ஏரியைப் பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

இப்படித்தான் நம் ஆட்கள் பெரிய விமானங்களைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார்கள். இது பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

கான்பூரில் ஒரு விமானக் குப்பை

லிபரேட்டர் என்பது அமெரிக்காவில் செய்த விமானம். குண்டு போடும் விமானம். நான்கு இன்ஜின்கள். வாலில் இரண்டு பெரிய தட்டுகள், முறம் போல நிற்கும். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 110 அடி. மூன்று பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு நீளம்.

அமெரிக்கா இந்த விமானத்தை 18,000க்கு மேல் செய்தது. இன்று முழு உருவத்தோடு இருப்பவை உலகம் முழுவதும் தேடினாலும் 20கூட இல்லை. மற்றவை என்ன ஆயின? சில போரில் விழுந்தன. போர் முடிந்ததும் மிச்சத்தை உடைத்தார்கள். உருக்கி அலுமினியம் எடுத்தார்கள்.

இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களுக்கும் அதே கதிதான் காத்திருந்தது. அவற்றை அமெரிக்கா பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்திருந்தது. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். 1945இல் போர் முடிந்தது. பிரிட்டிஷ் விமானப்படை பல லிபரேட்டர்களைக் கான்பூரில் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு அவற்றைக் கெடுத்தார்கள். கருவிகளை உடைத்தார்கள். வண்டியால் இடித்து நசுக்கினார்கள் என்றும், இன்ஜினுக்குள் மணலைப் போட்டார்கள் என்றும் சொல்வார்கள். வெயிலிலும் மழையிலும் அவை அப்படியே கிடந்தன.

1947இல் நாடு விடுதலை அடைந்தது. புதிய நாட்டுக்குப் பெரிய விமானங்கள் தேவைப்பட்டன. வெளிநாட்டில் வாங்கலாம். ஆனால் பணம் வேண்டுமே! அப்போதுதான் கான்பூர்க் குப்பை நினைவுக்கு வந்தது. எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒவ்வொரு விமானமாகப் பார்த்தார்கள். இதில் இறக்கை நன்றாக இருக்கிறது. அதில் சக்கரம் நன்றாக இருக்கிறது. ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டினார்கள். காயலான் கடைக்காரர் செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலை இது.

கான்பூரில் முழுதாகச் சரி செய்ய முடியாது. பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்குச் சரி செய்தார்கள். தூரம் சுமார் 1500 கிலோமீட்டர். இந்த அரைகுறை விமானங்களை ஓட்டி வந்தவர் ஜிம்மி முன்ஷி. அவர் எச்.ஏ.எல். விமானி. ஒரு முறை பறந்தாலே உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவர் திரும்பத் திரும்பப் போய்க் கொண்டுவந்தார்.

பெங்களூரில் விமானங்களை முழுதாகப் பிரித்தார்கள். கழுவினார்கள். வயர் மாற்றினார்கள். ரிவெட் அடித்தார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு இந்த லிபரேட்டர்களோடு தொடங்கப்பட்டது. மொத்தம் 40க்கு மேற்பட்ட விமானங்கள் இப்படிப் பிழைத்தன. புத்தகங்களில் விமானியின் பெயர் வருகிறது. ரிவெட் அடித்தவர்களின் பெயர் அவ்வளவாக வருவதில்லை. இருவரும் இல்லாமல் வேலை நடந்திருக்காது.

வேறு நாடுகள் லிபரேட்டரை மறந்தே போயின. நம் நாட்டில் மட்டும் அது 1968 வரை பறந்தது. கடைசிக் காலத்தில் கடலைக் கண்காணிக்கும் வேலை பார்த்தது. இந்தச் செய்தி மெல்ல வெளியே பரவியது. 'இந்தியாவில் பறக்கும் நிலையில் லிபரேட்டர் இருக்கிறதாம்' என்று வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கேட்டு வந்தன.

அருங்காட்சியகம் என்றால் என்ன? பழைய பொருள்களைக் காத்து, மக்களுக்குக் காட்டும் இடம். சென்னையில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். ஆனால் இந்த விமானங்களுக்கு அதுதான் பிழைத்த இடம்.

தேசப்படத்தில் ஆறு புள்ளிகள்

உலகத் தேசப்படம் ஒன்று எடுங்கள். ஒரு பென்சிலும் வேண்டும்.

முதல் புள்ளியை டெல்லியில் வையுங்கள். பாலம் என்ற இடத்தில் இந்திய விமானப்படை அருங்காட்சியகம் உள்ளது. அங்கே ஒரு லிபரேட்டர் நிற்கிறது.

அடுத்த புள்ளி கனடா நாட்டின் ஒட்டாவா நகரம். அந்த விமானம் 1968இல் போனது. பணத்துக்கு விற்கவில்லை. பண்டமாற்று! கனடா தன்னிடம் இருந்த லைசாண்டர் என்ற பழைய விமானத்தை நமக்குத் தந்தது. நாம் லிபரேட்டரைத் தந்தோம். நெல் கொடுத்து உப்பு வாங்குவது போலத்தான்.

மூன்றாவது புள்ளி அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், டூசான் நகரம். 1969இல் அந்த விமானம் இந்தியாவிலிருந்து பாதி உலகத்தைத் தாண்டிப் பறந்தே போனது. யோசித்துப் பாருங்கள். நசுக்கிப் போட்ட விமானம் அது. 20 ஆண்டுக்குப் பிறகும் கடல் தாண்டுகிறது.

நான்காவது புள்ளி இங்கிலாந்து. நம் விமானப்படை 1974இல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்றைக் கொடுத்தது. உடைத்துப் போட்டவர்களே அதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்!

ஐந்தாவது விமானத்தை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அது 1973இல் பறந்து போனது. பின்னர் புளோரிடா மாநிலத்தில் ஒரு தனியார் சேகரிப்புக்குச் சென்றது. ஆறாவது விமானம் இந்தியாவில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1980களில் அதைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். இன்னொரு பெரிய விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அமெரிக்கா போனது. அங்கே பல ஆண்டு வேலை செய்து சரியாக்கினார்கள். 1989இல் அது மீண்டும் பறந்தது.

இந்த ஆறு புள்ளிகளில் பெங்களூர் இல்லை. பிழைக்க வைத்த ஊரில் ஒன்றுகூட நிறுத்தி வைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

ஒரு விமானம், மூன்று பெயர்

இவையெல்லாம் நம் விமானங்கள்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எண்ணைப் படித்துத்தான்.

நம் வீட்டிலேயே பார்ப்போம். ஒருவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர். வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். வேலை செய்யும் இடத்தில் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆள். விமானமும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் நிற்கும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதன் எண் 44-50206. முதலில் உள்ள 44 என்பது 1944ஆம் ஆண்டைக் குறிக்கும். அந்த ஆண்டுக் கணக்கில் செய்யச் சொன்ன விமானம் என்று பொருள். பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு வந்ததும் அதன் எண் கே.என். 751 ஆனது. நம் விமானப்படை அதற்கு எச்.இ. 807 என்று எண் கொடுத்தது. மூன்று நாட்டுப் பதிவேடுகளிலும் மூன்று எண்கள் இருக்கின்றன. இது தெரியாதவர் மூன்று விமானங்கள் என்று எண்ணிவிடுவார்.

வெளியே அடித்த பெயிண்டை நம்பலாமா? நம்பக் கூடாது. 1989இல் பறந்த விமானத்தைப் பாருங்கள். அதற்குப் பலமுறை பெயிண்ட் மாற்றினார்கள். பெயரையும் மாற்றினார்கள். ஒரு சமயம் அதன் உடம்பு முழுவதும் ஒரு பெரிய டிராகன் படம் இருந்தது. பெயிண்டைப் பார்த்தவர் வேறு விமானம் என்றுதான் சொல்வார்.

ஆகவே தேடுபவர்கள் உள்ளே அடித்திருக்கும் தகட்டைப் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் அடித்த சின்ன உலோகத் தகடு அது. அதைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பழைய புகைப்படங்களைப் பார்ப்பார்கள். அதில் வேலை செய்தவர்களைக் கேட்பார்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் இருப்பதால் ஒரு தகட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள்.

தேதியையும் எழுத வேண்டும். நிறுத்தி வைத்த விமானமும் இடம் மாறும். இங்கிலாந்துக்குப் போன விமானம் முதலில் கோல்ர்ன் என்ற ஊரில் இருந்தது. பிறகு காஸ்ஃபோர்டு போனது. அதன் பிறகு லண்டனில் உள்ள ஹெண்டனுக்குப் போனது. தேதி இல்லாத குறிப்பை நம்பிப் போனால் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாமும் தேடலாம்

மாருத் என்ற போர் விமானம் பெங்களூரிலேயே பிறந்தது. கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் அதை வடிவமைத்தார். எச்.ஏ.எல். அதைச் செய்தது. 1961 ஜூன் 17 அன்று முதல் முறை பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். 1970இல் ஒரு மாருத் விழுந்து அவர் இறந்தார். பெங்களூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மொத்தம் 147 மாருத் விமானங்கள் செய்தார்கள். 1971 போரில் அவை பறந்தன. 1990இல் ஓய்வு பெற்றன. இன்று எங்கே இருக்கின்றன? பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டது. அங்கே ஒன்று உண்டு. கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்று. சென்னையில் பெரியார் அறிவியல் மையத்தில் ஒன்று. கர்ட் டாங்கின் நாடான ஜெர்மனியிலும் ஒன்று இருக்கிறது, மியூனிக் நகரத்துக்குப் பக்கத்தில்.

பூங்காவிலோ சாலை முனையிலோ பழைய விமானம் நிற்பதைப் பார்த்தால் நின்று பாருங்கள். வாலுக்குப் பக்கத்தில் எண் இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எண் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போடுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். நீங்களே பார்த்ததா, பிறர் சொன்னதா என்றும் குறியுங்கள். விமானப்படைத் தளத்துக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. படமும் எடுக்கக் கூடாது. பொதுமக்கள் போகும் இடம் மட்டும் போதும்.

உங்கள் தெருவில் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் இருந்தால் அவரையும் கேளுங்கள். 'ஐயா, நீங்கள் எந்த விமானத்தில் வேலை செய்தீர்கள்? எந்த ஆண்டு?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதிப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவார்.

பயிற்சி

1. எச்.இ. 807 என்ற எண்ணை உங்கள் நோட்டில் எழுதுங்கள். இந்த விமானத்தின் மற்ற இரண்டு எண்கள் என்ன?

2. லிபரேட்டர் இந்திய விமானப்படையில் எத்தனை ஆண்டுகள் பறந்தது? 1968இலிருந்து 1948ஐக் கழித்துப் பாருங்கள்.

3. உங்கள் ஊர்ப் படம் ஒன்று வரையுங்கள். நீங்கள் பார்த்த பழைய விமானம், பீரங்கி, ரயில் இன்ஜின் எதுவானாலும் அதில் குறியுங்கள். பக்கத்தில் எண்ணையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள்.